பட்டினி போட்ட சோளம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கேட்டார்கள். நல்ல பெயர் வாங்கிய கதை வேண்டுமா, அசிங்கப்பட்ட கதை வேண்டுமா என்று கேட்டேன். நல்ல பெயர் வாங்கிய கதை என்னிடம் இரண்டுதான் இருக்கிறது, இரண்டிலும் வேலை பார்த்தது மழை. அசிங்கப்பட்ட கதை மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதில் பெரிய மூட்டையை அவிழ்க்கிறேன். எழுத உட்கார்ந்ததிலிருந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், என் மருமகள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

முதலில் நான் யார் என்று தெரிய வேண்டும். கயத்தாற்றில் எங்கள் வாப்பாவுக்கு உரக்கடை. நான் யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். அப்படி வளர்ந்து, படித்து, கோவில்பட்டியில் வேலைக்குச் சேர்ந்து, முப்பத்தொரு வருஷம் நான் பார்த்த வேலை என்ன தெரியுமா? யூரியா குறைவாகக் கேட்கும் சோளத்தைத் தேடியது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்திக்குப் பந்தி இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மகள் ஜெயித்தால் கடையை மூட வேண்டியதுதானே என்று வாப்பாவைக் கேட்பார்கள். "அவ கண்டுபிடிக்கதுக்குள்ள நா மவுத்தாயிருவேன், நீங்க கறிய எடுத்து வைங்க" என்பார் வாப்பா. இப்படி ஒரு நம்பிக்கையோடு என்னை ஆளாக்கினார்.

வேலையின் சாரம் உங்களுக்கே தெரியும். நாம் யூரியாவாகப் போடுகிற தழைச்சத்தில் பயிர் ஒரு பங்கைத்தான் தின்கிறது. மீதி மழைத் தண்ணீரோடு ஓடுகிறது, அல்லது காற்றில் போகிறது. நம் கரிசலில் மழையை நம்பி, நிற்கிற பயிருக்கு மேலுரம் போட்டால், ஒன்று மழை வராது, அல்லது வந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகும். குறைவாகத் தின்று நிறைய மணி வைக்கும் ரகம் எது என்று தெரிந்தால் மானாவாரிக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. அதைக் கண்டுபிடிக்க எல்லா ரகத்தையும் பட்டினி போட்டாக வேண்டும். எல்லோருக்கும் வயிறு நிறையச் சோறு போட்டுவிட்டு யார் பசி தாங்குவார் என்று பார்க்க முடியாது. இதுவரை எல்லாம் சரிதான். சிக்கல் என்னவென்றால், பட்டினி கிடக்கிற பயிர் மஞ்சளாக இருக்கும். அதை நீங்களும் நானும் மட்டும் பார்ப்பதில்லை, ஊரே பார்க்கும்.

கயத்தாற்றுக்குக் கிழக்கே ஒரு மானாவாரி ஊர். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்த ஊரில் எனக்கு நிலம் கொடுத்த ஒரே ஆள் செல்லத்தாய் அக்கா. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். காபி கொடுத்தார்கள், சீனிக்கிழங்கு கொடுத்தார்கள், நிலம் கொடுக்கவில்லை. இரண்டு போகம் உரமே போடாமல் மண்ணை வற்றவைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் ஒவ்வொருவரும் ஏதோ நான் அவர்கள் வீட்டுப் பிள்ளையைக் கேட்டதுபோலப் பார்த்தார்கள். செல்லத்தாய் அக்கா மட்டும், "எந்தச் சோளம் தாக்குப்பிடிக்கும்னு எனக்கும் பாக்கணும்லா" என்று சொல்லி, வண்டிப்பாதை ஓரமாக நாற்பது சென்டை விட்டுக் கொடுத்தார். அதுபோக அவருக்கு நாலு ஏக்கர் இருந்தது. வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் ஹோட்டலில் மாஸ்டர், பொங்கலுக்குத்தான் வருவார். நாலு ஏக்கரையும் தனியாக வைத்துப் பார்க்கிறவர். சம்பளத்துக்கு ஆள் வைத்தால்கூட அப்படிக் காவல் கிடைக்காது. உரம் போடாத பாதியில் ஆடு நுழைந்துவிட்டால் ஆட்டை விரட்டுவதோடு நிற்க மாட்டார், அது போட்டுவிட்டுப் போன புழுக்கையைப் பொறுக்கி வெளியே எறிவார். எனக்கு அவரைப் பார்த்தால் பயமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

இரண்டு போகம் மண்ணை வற்றவைத்துவிட்டு, மூன்றாவது வருஷம் பன்னிரண்டு சோள ரகங்களை விதைத்தோம். நிலத்தை இரண்டு பாதியாக்கி, ஒவ்வொன்றிலும் ரகத்துக்கு ஒரு நீளப் பட்டை. நிலத்தில் ஒரு பாதிக்கு முழு யூரியா, மறுபாதிக்கு ஒன்றும் கிடையாது. எந்த ரகம் எந்தப் பட்டையில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்தோம். உரமில்லாத பாதியில், வண்டிப்பாதையை ஒட்டிய முதல் பட்டை பதினோராம் எண் ரகத்துக்கு விழுந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. ஊரே மேலுரம் போட வயலுக்குப் போனது. எனக்கு அப்போது நிலையத்தில் வேறு வேலை. மூன்று வாரம் கழித்து ஜீப்பில் போய் இறங்கினேன். உரமில்லாத பாதியில் பதினோரு பட்டை மஞ்சள். ஒரு பட்டை, பதினோராம் எண், கரும்பச்சையாக நின்றது. உரம் போட்ட பாதியைவிடப் பச்சை. இலையைத் தொட்டால் சடசடவென்று சத்தம் கேட்டது.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. வரப்பில் ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், செருப்பு ஒன்று கரிசலில் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டு ஓடினேன். ஜீப் டிரைவர் பாம்பு என்று நினைத்துக் கம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். நான் அந்தப் பட்டைக்குள் உட்கார்ந்து இலைகளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். இருபது வருஷம் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடி, ஒருநாள் அவனே வாசலில் வந்து பெல் அடித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். இதே பதினோராம் எண் நிலையத்து வயலிலும் இருந்தது. அங்கே அது ஒரு சாதாரண மஞ்சள் சோளம், பன்னிரண்டில் ஏழாவதோ எட்டாவதோ. எனக்கு அது தெரியும், குறித்து வைத்ததே நான்தான். ஆனால் வயலிலிருந்து திரும்புகிற வழியிலேயே அதற்கு ஒரு சமாதானம் தயாராகிவிட்டது: நிலையத்து மண் காலங்காலமாக உரம் தின்று ருசி கெட்ட மண், விவசாயி நிலம்தான் உண்மை பேசும். எவ்வளவு அழகான வாக்கியம். அதை நான் ஜீப் டிரைவரிடம் சொன்னேன், நிலையத் தலைவரிடம் சொன்னேன், தொலைபேசியில் வாப்பாவிடமும் சொன்னேன். வாப்பா மட்டும் "அப்படியாம்மா" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். கடை போய்விடும் என்ற கவலை என்று நினைத்துச் சிரித்தேன்.

தலைவர் என்னைவிட மோசம். அன்றே மேலே பேசிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை பார்வையிடும் குழு வருவதாக ஏற்பாடாகிவிட்டது. சரியாக இருந்தால் மறு வருஷமே விதையைப் பெருக்கி, சுற்று ஊர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றும் பேச்சு. நான் கோவில்பட்டியில் நாலு டப்பா கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை ஊருக்குப் போனேன். சாவடி முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு, ஒரு கையில் பதினோராம் எண் சோளத் தட்டை, ஒரு கையில் மிட்டாய் டப்பா, ஒரு பிரசங்கமே செய்தேன். இந்தச் சோளத்துக்கு யூரியாவே வேண்டாம், கண்ணால் பார்த்தீர்கள் அல்லவா, பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், நம் ஊர்ப் பெயர் வெளியே தெரியப்போகிறது என்றெல்லாம் சொன்னேன்.

கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் தட்டவில்லை. ஆளுக்கு ஒரு மிட்டாய் எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். கடலைமிட்டாயை ஒன்றோடு நிறுத்துகிற ஊர் நம் சீமையில் கிடையாது, அதைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்போதுதான் செல்லத்தாய் அக்கா எழுந்தார். "அடுத்த வருசம் எங்க நாலு ஏக்கரும் இந்தச் சோளந்தான். ஒரு மணி யூரியா போட மாட்டேன். இப்பமே சொல்லிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு ஊரை ஒரு சுற்றுப் பார்த்தார். என்னமோ பைத்தியக்காரி மாதிரி நிலத்தை ஆபீஸ்காரிக்குக் கொடுத்துவிட்டாள் என்று இரண்டு வருஷமாகப் பேசியவர்கள் முன்னால் அவர் அன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்றார்.

கூட்டம் கலைந்தது. நான் ஜீப்பில் ஏறப்போனபோது ராமசாமி அண்ணாச்சி பின்னாலேயே வந்தார். அக்கா வயலுக்கு அடுத்த வயல்காரர். டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். மழை பெய்த மறுநாள் தன் வயலுக்கு ஓலைப்பெட்டியில் யூரியாவைத் தூக்கிக்கொண்டு போனாராம். பாதை ஓரத்தில் அந்தப் பயிர் நின்ற நிலையைப் பார்த்து மனசு கேட்கவில்லையாம். "ஒரே ஒரு கைதான் வீசுனேன் பாத்துக்கிடுங்க. செல்லத்தாய்க்குத் தெரிஞ்சா வெட்டிப்போடும். யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு கை யூரியா அத்தனை நீளப் பட்டையை என்ன செய்துவிடும்? பரவாயில்லை அண்ணாச்சி, குறித்துக்கொள்கிறேன் என்று தேற்றி அனுப்பினேன். அவர் போய் இரண்டு நிமிஷம் இருக்காது, ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் ஜீப்பின் மறுபக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அவரும் ஒரு கை. போகும்போது ஒன்று, பெட்டியில் மிச்சம் இருந்ததால் வரும்போது ஒன்று. அவரும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். அவருக்குப் பின்னால் அண்ணன் தம்பி இருவர், தனித்தனியாக வந்தார்கள், அண்ணனுக்குத் தெரியாமல் தம்பி, தம்பிக்குத் தெரியாமல் அண்ணன். ஐந்தாவதாக அவர்களுடைய பக்கத்து வயல்காரர். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். மழை விட்ட பத்து நாளும் அந்தப் பாதையில் போன பெட்டியெல்லாம் அங்கே ஒரு நிமிஷம் நின்றிருக்கிறது. பாதையில் நின்று கை வீசினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது ஒரே ஒரு பட்டைதான். பதினோராம் எண்.

ஆறாவதாக வந்தது பேச்சியம்மாள் மதினி. செல்லத்தாய் அக்காவின் நாத்தனார். ஒரு கிணற்றுப் பங்கு விஷயமாக இரண்டு வீட்டுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அந்த அம்மாள் என்னிடம் சண்டைக்கு வருவதுபோலத்தான் வந்தார்.

"நாலு நாள் போட்டேன். பேச்சுதான் இல்ல, அதுக்காவ அவ பயிரு காயணுமா? இப்பம் நாலு ஏக்கரையும் சும்மா விடுதேங்கா. கெட்டுப்போவாம்மா. நீங்க சொல்லுங்க, நா சொன்னா கேக்க மாட்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் இவர்கள் என்னிடம் பாவமன்னிப்புக் கேட்க வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்தது அதற்காக இல்லை. அக்கா நாலு ஏக்கரையும் உரமில்லாமல் விதைத்துவிட்டால் அடுத்த வருஷம் அந்த வீட்டில் என்ன இருக்கும் என்பதற்காக வந்தார்கள். நான் பேசாமல் இருந்தால் வியாழக்கிழமை கைதட்டல் நிச்சயம், அக்காவுக்கு மறு மாசியில் வெறும் களம் நிச்சயம். ஏழாவது ஆளும் வந்து சொல்லிவிட்டுப் போனபோது நான் ஜீப் படியில் உட்கார்ந்து மிச்சம் இருந்த ஒரு டப்பா கடலைமிட்டாயையும் தின்றுகொண்டிருந்தேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் கயத்தாற்றில் கடை முன்னால் இறங்கினேன். வாப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். ஏழு பேர் வாப்பா, ஏழு பேர், நாத்தனார்கூடப் போட்டிருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வாப்பா சிரிக்கவில்லை. பேப்பரை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு சின்ன வயசில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

"எம்மா பாத்து, நானும் போட்டேன்."

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து, மகள் வேலை செய்கிற வயலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறிப் போயிருக்கிறார். கையில் ஒரு மஞ்சப்பை. ஊருக்குள் கேட்டு வழி தெரிந்துகொண்டு, வயல் ஓரத்தில் போய் நின்றிருக்கிறார். "எவ்வளவு பேருக்கு வித்திருக்கேன். எம் மவ பயிரு இப்படி நிக்கிதேன்னு மனசு ஆறலம்மா" என்றார். மஞ்சப்பையில் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். இரண்டு கிலோ என்றார். ஊர் முழுக்கக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டதை, என்னைப் பெற்றவர் ஒரே தவணையில் முடித்துவிட்டு வந்திருக்கிறார். அதுவும் வரிசை தவறாமல், அளந்து, பயிர் ஓரமாக, எப்படிப் போட வேண்டுமோ அப்படி.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, ஒரு அரைமணி நேரம் இருந்தது. பிறகு அவருடைய வெள்ளைச் சட்டையில் கரிசல் கறை இன்னும் போகாமல் இருப்பதைக் கவனித்தேன். எழுபத்தாறு வயதுக்காரர் சோளக்காட்டுக்குள் குனிந்து குனிந்து நடந்திருக்கிறார். கோபம் போய்விட்டது.

இனி யாரிடம் முதலில் சொல்வது? இந்த ஒரு கேள்விக்காகத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். ஆபீஸ் ஒழுங்குப்படி தலைவரிடம் சொல்ல வேண்டும். குழு வருவதற்கு இரண்டு நாள்தான் இருந்தது, அவர் எல்லோருக்கும் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டார். ஆனால் தலைவருக்குப் போவது மரியாதை மட்டும்தான், அக்காவுக்குப் போவது நாலு ஏக்கர். அதைவிட ஒரு பெரிய சங்கடம் வேறு இருந்தது. விதை நல்லதில்லை என்று சொல்வது எனக்குப் பழக்கமான வேலை. ஊரே உன்னைப் பார்த்துப் பாவப்பட்டது அக்கா என்று எப்படிச் சொல்வது? நிமிர்ந்து நின்று ஒரு நாள்தான் ஆகியிருந்தது. யூரியா எப்படியோ மழைத் தண்ணீரில் அடித்துக்கொண்டு வந்துவிட்டது என்று ஒரு பொய் தயார் செய்தேன். நல்ல பொய்தான், வரைபடமே போட்டுக் காட்டியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் போய் அக்கா முன்னால் உட்கார்ந்தேன். அவர் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் வரைபடம் மறந்துவிட்டது. புழுக்கையைப் பொறுக்கி எறிந்தவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன், பெயர்களையும் சொன்னேன், வாப்பா பெயரைக் கடைசியில் சொன்னேன்.

அக்கா சுளகை நிறுத்தினார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மதினியுமா போட்டா?"

நாலு நாள் போட்டிருக்கிறார் என்றேன். அக்காவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்து எழுந்தேன். அவர் சிரித்தார். சுளகு கையிலிருந்து நழுவ, உளுந்து நாலா பக்கமும் ஓட, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, எனக்கும் வந்தது. டிரைவர் மறுபடியும் கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். சிரித்து முடித்ததும் அக்காவுக்குக் கோபம் வந்தது. சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்பம் இந்த ஊர்ல சொன்ன சொல்லக் காப்பாத்துனது நா ஒருத்திதானா? வாங்க ஆபீசரம்மா."

அவர் ஏழு பேரையும் சாவடிக்கு வரவைத்த வேகத்தை நான் எந்த ஆபீஸ் சுற்றறிக்கையிலும் பார்த்ததில்லை. ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏலே நீயுமா என்று அண்ணன் தம்பியைக் கேட்டார், தம்பி அண்ணனைக் கேட்டார். அக்கா தீர்ப்பைச் சொன்னார். தன்னைப் பார்த்துப் பாவப்பட்ட ஏழு பேரும், அவரவர் நிலத்தில் பாதை ஓரமாகவே, அக்கா வயல் மாதிரி பாதிக்குப் பன்னிரண்டு பட்டை விட வேண்டும். ஒரு வருஷம் மண்ணுக்குப் பட்டினி, மறு வருஷம் சோதனை; இரண்டு வருஷப் பட்டினி கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இரண்டு வருஷமும் அவரவர் மஞ்சள் பயிரை அவரவர் தினமும் பார்க்க வேண்டும். பட்டினிப் பாதியில் ஒரு மணி யூரியா விழுந்தாலும் பிறகு அந்த வீட்டுக் கல்யாணம் காட்சிக்கு அக்கா வர மாட்டார். எங்கள் வாப்பாவுக்கு நிலம் கிடையாது என்பதால் அவருக்கு வேறு தண்டனை: அறுவடை முடிகிற வரை அந்த ஊர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. வாப்பா ஒப்புக்கொண்டார். இரண்டு வருஷமும் தினம் சாயங்காலம் போன் போட்டு, பயிர் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் சாவடித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழும் ஒன்றும் எட்டு வயல். காபியும் சீனிக்கிழங்கும் வாங்கிக்கொண்டு வீடு வீடாகக் கெஞ்சியும் எனக்குக் கிடைக்காத நிலம். அத்தனை இடத்தில் ஒரே சோதனையைப் போட்டுப் பார்க்க எங்கள் நிலையத்தில் யாருக்கும் அதுவரை வாய்த்ததில்லை.

அன்று மத்தியானமே தலைவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். வியாழக்கிழமை குழு வந்தது. நானே பதினோராம் எண் பட்டைக்கு முன்னால் நின்று, இது ரகத்தின் பச்சை இல்லை, பாதையில் போனவர்கள் போட்ட யூரியாவின் பச்சை, நிலையத்து வயலில் இது சாதாரணம் என்று என் குறிப்பிலேயே இருந்தது, நான் அதைப் பார்க்க விரும்பவில்லை என்று சொன்னேன். குழுத் தலைவர் கடுமையான மனிதர் என்று பெயர் வாங்கியவர். எவ்வளவு யூரியா விழுந்திருக்கும் என்று கேட்டார். தெரியாது, ஆனால் எங்கள் வாப்பா போட்டது மட்டும் துல்லியமாக இரண்டு கிலோ என்றேன். அவர் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. சாப்பாடு வீணாகவில்லை, எல்லோரும் நன்றாகவே சாப்பிட்டார்கள்.

பிறகு இரண்டு வருஷம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வயலிலும் பதினோராம் எண் பின்வரிசையில்தான் நின்றது. யாரும் ஏறெடுத்துப் பார்க்காத நாலாம் எண், குட்டையாக, கதிர் ஒரு பக்கம் சாய்ந்து, பார்க்கச் சகிக்காத ஒரு சோளம், ஏழு வயலில் முதலாவதாக வந்தது, ஒன்றில் இரண்டாவது. அதன் பிறகுதான் அக்கா தன் நாலு ஏக்கரையும் அதற்குக் கொடுத்தார். யூரியாவே வேண்டாம் என்று சொல்ல நான் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. பாதி போடுங்கள் என்றேன். பாதிதான் போட்டார். களத்தில் சோளத்தை அள்ள ஆள் போதாமல் பேச்சியம்மாள் மதினியும் வந்து அள்ளினார்.

ஆனால் எந்த அறிக்கையிலும் நான் எழுதாத ஒன்று இருக்கிறது. சோதனை வருஷம் ஐப்பசி மழை விட்ட மறுநாள். அந்தப் பருவத்துக்கு அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார்: பாதையில் யூரியாப் பெட்டியோடு போகிற யாராக இருந்தாலும், மஞ்சள் பட்டைகளைத் தாண்டியதும் இரண்டு உள்ளங்கையையும் விரித்து அவரிடம் காட்ட வேண்டும். யூரியா பட்ட கை பிசுபிசுவென்று இருக்கும், ஒளிக்க முடியாது. ஊரே சிரித்துக்கொண்டு காட்டிவிட்டுப் போகும்.

நான் அன்று அக்கா வயலில் முழு உரம் போடுகிற பாதிக்கு மேலுரம் போட வந்திருந்தேன். பெட்டி என் இடுப்பில். உரமில்லாத பாதியைக் கடந்து போகும்போது பதினோராம் எண்ணைப் பார்த்தேன். இலை நுனி கருகி, நரம்பு தெரிய, அப்படி ஒரு மஞ்சள். எனக்கு அதன் மேல் இன்னும் ஆசை போகவில்லை. யாரோ யூரியா போட்டார்கள் என்பதற்காக அது கெட்ட ரகம் என்று ஆகிவிடுமா, உள்ளுக்குள் நல்லதாகவும் இருக்கலாமே, கொஞ்சம் தலை தூக்கினால் காட்டிவிடுமே என்று மனசு பேசிக்கொண்டே இருந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. இத்தனை வருஷப் படிப்பும் அனுபவமும் உள்ள நான், பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தேன். எடுத்தது எனக்கே தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். தெரிந்துதான் எடுத்தேன். மழை ஈரத்தில் யூரியா கரைய ஆரம்பித்து, உள்ளங்கை சில்லென்று ஆனது.

"ஆபீசரம்மா, கைய விரிங்க."

அக்கா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நான் இடது கையை விரித்தேன். அவர் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதையும் விரித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, சிறு பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல உரம் போடுகிற பாதிக்குக் கூட்டிப்போய், அங்கன கொட்டுங்க என்றார். கொட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக என்னை ஒருமையில் பேசினார்.

"உங்க வாப்பா மவதாம்ட்டி நீ."

வரப்போரம் தேங்கிய மழைத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டேன். மற்ற ஏழு வயலிலும் உரம் போடுகிற பாதிக்கு மேலுரம் போட வேண்டியிருந்தது. அக்காவையும் கூடவே வரச் சொன்னேன்.